கம்போஸ்ட்டிலும் மண்ணிலும் களை விதையைச் சாகடிப்பது எப்படி?

[திரையில்: கம்போஸ்ட் பரப்பிய பாத்தி, நெருக்கமாக முளைத்த களை]

வீட்டில் செய்த கம்போஸ்ட்டைப் போட்டதும், விதைத்த செடிக்கு முன்னால் களை முளைக்கிறதா? குவியலுக்குள் போன விதை சாகவில்லை என்று அர்த்தம். நாளானால் தானாக மட்கிவிடும் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் களை விதைகளை மணலோடு பாட்டில்களில் போட்டுப் புதைத்தார். அதில் ஒன்றை 2021இல் தோண்டி எடுத்தார்கள். அப்போதும் சில விதைகள் முளைத்தன! காத்திருந்தால் வேலைக்கு ஆகாது, சூடுதான் வேண்டும்.

[குவியலில் செருகிய நீண்ட வெப்பமானி]

குவியலின் உட்புறம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அந்தச் சூடு சில நாட்கள் நிற்க வேண்டும். அதற்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டராவது இருக்கட்டும். சின்னத் தொட்டியில் சூடு தங்காது. பச்சைப் புல், காய்கறிக் கழிவு, சாணம் ஒரு பங்கு என்றால், காய்ந்த இலையும் வைக்கோலும் இரண்டு பங்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி சொட்டும் அளவுக்கு ஈரம் வேண்டும். இந்த ஈரத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். காய்ந்த விதை சூட்டைத் தாங்கும், நன்றாக ஊறிய விதை தாங்காது.

[ஓரத்துச் சரக்கை நடுவே தள்ளிப் புரட்டும் காட்சி]

இனி சொல்வதுதான் முக்கியம். நடுவில் 60 டிகிரி இருந்தாலும் ஓரம் ஆறியே கிடக்கும், அங்கே விழுந்த விதை பிழைத்துவிடும். அதனால் ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டுங்கள். மறுபடி சூடேறட்டும், மறுபடி புரட்டுங்கள். நீளக் குவியல்களுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் விதி, 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். அது நோய்க்கிருமிகளுக்காக வந்த விதி என்றாலும், களை விதைக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். சூடு 70ஐத் தாண்டினால் மட்கச் செய்யும் நுண்ணுயிரிகளே சாகத் தொடங்கும், உடனே கிளறி ஆற்றுங்கள்.

மண்புழுத் தொட்டியில் இந்தச் சூடு வராது, வந்தால் புழு செத்துவிடும். விதை கட்டிய களையை அதில் போடவே வேண்டாம்.

[பாத்தி மேல் விரித்த கண்ணாடி போன்ற பாலித்தீன்]

சரி, மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைகள்? வெயில் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் பாத்தியைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடுங்கள். 4 முதல் 6 வாரம் அப்படியே விடுங்கள். கறுப்பு ஷீட் வெயிலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், மண் அவ்வளவாகச் சூடாகாது. விதை நன்றாகச் சாவது மேல்மண்ணில், சில சென்டிமீட்டர் ஆழம் வரைதான். எனவே ஷீட்டை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தாதீர்கள், கீழே உயிரோடு இருக்கும் விதை மேலே வந்துவிடும். கோரைக்கிழங்குக்கு இந்தச் சூடு போதாது, அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

வெயில் போதாத இடத்தில் பாத்தியைத் தயாராக்கித் தண்ணீர் விட்டு, களையை முளைக்க விடுங்கள். இரண்டு இலை விட்டதும் மேலாகச் சுரண்டி எடுங்கள். இதையே இன்னொரு முறை செய்துவிட்டு, அப்புறம் உங்கள் விதையைப் போடுங்கள்.