அலைவரிசை மறுக்கப்பட்ட செய்தியாளர்: தவக்குல் கர்மான்

அவைத்தலைவர் அவர்களே, இதழியல் துறை மாணவ மாணவியரே,

ஏமன் நாட்டுத் தவக்குல் கர்மான் என்றதும் 2011ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். லைபீரியாவின் எல்லன் ஜான்சன் சர்லீஃப், லேமா போவீ ஆகிய இருவருடன் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 32. அதைப் பெற்ற முதல் அரபுப் பெண்ணும் அவரே. நான் இன்று பேச விரும்புவது அதற்கு முந்தைய ஆறேழு ஆண்டுகளைப் பற்றி. ஒரு செய்தியாளருக்கு உரிமம் தர மறுத்த அரசு, தன்னை அறியாமலே ஒரு போராட்டத் தலைவியை எப்படி உருவாக்கிவிட்டது என்பதே என் பொருள்.

தாயிஸ் மாகாணத்தில் 1979இல் பிறந்த தவக்குல், தலைநகர் சனாவில் வணிகவியலும் அரசியல் அறிவியலும் பயின்றார். தந்தை வழக்கறிஞர், அதிபர் அலி அப்துல்லா சாலேயின் அரசில் சட்ட விவகார அமைச்சராக இருந்து பதவி விலகியவர். ஆகவே அரசியல் அவருக்கு வீட்டிலேயே அறிமுகமானதுதான். 2005இல் வேறு ஏழு பெண்களுடன் சேர்ந்து அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதலில் சூட்டிய பெயருக்கு உரிமம் கிடைக்காததால், ‘தளைகளற்ற பெண் செய்தியாளர்கள்’ என்று பெயரை மாற்றிக்கொண்டனர். பத்திரிகை ஒன்றும் வானொலி ஒன்றும் நடத்த அனுமதி கேட்டபோது தகவல் அமைச்சகம் இரண்டையும் மறுத்தது.

இந்த மறுப்பின் கனத்தை உணர அன்றைய ஏமனின் நிலையைச் சற்றுப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியும் வானொலியும் அரசின் கையில் இருந்தன. நாட்டுப் பெண்களில் பெரும்பான்மையோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். செய்தித்தாள் அவர்களுக்குப் பயன்படாது. அவர்களுடைய காதுக்குள் நுழையக்கூடிய ஒரே வழி ஒலிபரப்பு. அந்த வழியின் வாசலில்தான் அரசு காவல் நின்றது. அடுத்து, கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலம் செய்தி அனுப்பும் சேவைக்கு முயன்றார். 2007இல் அதற்கும் தடை விழுந்தது.

அந்த ஆண்டிலிருந்து வாரந்தோறும் செவ்வாய்க்கிழமைகளில் சனாவின் திறந்த வெளியில், அமைச்சரவை அலுவலகத்துக்கு எதிரே, மறியல் அமர்வு தொடங்கியது. முதற்கோரிக்கை பத்திரிகைச் சுதந்திரம். பின்னர் அந்த இடத்துக்கு வேறு குறைகளும் வந்து சேர்ந்தன. இப் மாகாணத்து ஜஆஷின் பகுதியில், அதிபருக்கு வேண்டப்பட்ட ஒரு ஷேக்கால் சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வந்து அங்கே அமர்ந்தன. ஒரு நல்ல வானொலி நிலையத்துக்குள் நுழைந்திருக்க வேண்டிய செய்திகள் எல்லாம் அந்தத் தெருவுக்கு வந்தன என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அவருடைய உடையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2004இல் ஒரு மனித உரிமை மாநாட்டில் முகத்திரையை அகற்றினார். தலையை மறைக்கும் ஹிஜாபைத் தொடர்ந்து அணிந்தார். முகத்தை மூடுவது மார்க்கக் கடமை ஆகாது என்பது அவருடைய வாதம். மார்க்கத்துக்குள் நின்றே இதைச் சொன்னார் என்பது முக்கியம். அவர் இஸ்லாஹ் என்னும் மார்க்கச் சார்புள்ள எதிர்க்கட்சியின் உறுப்பினர். பெண் குழந்தைகளின் திருமணத்துக்கு எதிராகப் பேசியதால் அக்கட்சியின் பழைமைவாதிகளோடும் மோதினார்.

2011 ஜனவரியில், மூன்று பிள்ளைகளின் தாயான அவரை இரவில் கைது செய்தார்கள். தலைநகரில் எழுந்த ஆர்ப்பாட்டம் அவரை ஓரிரு நாளில் விடுவிக்க வைத்தது. அடுத்த மாதமே சனா பல்கலைக்கழகத்தின் முன், சாலே பதவி விலகக் கோரியோர் கூடாரமிட்ட மாற்றச் சதுக்கம் உருவாயிற்று. கூடாரமே அவருக்கு அலுவலகமாயிற்று. மார்ச் 18 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். அதே மாதத்தில் அல் ஜஸீரா தொலைக்காட்சியின் சனா அலுவலகத்தை அரசு மூடியது. ஏப்ரலில், ஆண்களும் பெண்களும் கலந்து போராடுவது இஸ்லாத்துக்கு விரோதம் என்று சாலே பேசினார். மறுநாளே ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலமாக வந்தார்கள். அந்தப் பேச்சை விடச் சிறந்த அழைப்பிதழை எந்த அமைப்பாளரும் அச்சிட்டிருக்க முடியாது.

நோபல் அறிவிப்பு வந்தபோதும் அவர் சதுக்கத்தில்தான் இருந்தார். பிறகு நியூயார்க் சென்று, சாலேவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கக் கூடாது என்று வாதாடினார். சாலே பதவி விலகுவதற்காக வளைகுடா நாடுகள் முன்வைத்த ஒப்பந்தம் அதை அளித்தே முடிந்தது. தண்டனையின்றித் தப்பிய அதே சாலே, பின்னர் வடக்கு ஏமனின் ஆயுதக் கிளர்ச்சியாளர்களான ஹூதிகளோடு கைகோத்தார். 2014இல் சனா அவர்கள் வசமானது, தவக்குலின் வீட்டுக்குள்ளும் ஆயுதம் ஏந்தியோர் புகுந்தனர்.

கேட்ட அலைவரிசை கடைசியில் நாட்டுக்கு வெளியேதான் கிடைத்தது. இஸ்தான்புல்லிலிருந்து ஒளிபரப்பிய பல்கீஸ் தொலைக்காட்சியை அவர் நிறுவினார். சபா நாட்டு அரசியின் பெயர் அது. ஹூதிகளை மட்டுமன்றி, அவர்களை எதிர்த்துப் போரிட்ட சவூதி, அமீரகக் கூட்டணியையும் கடுமையாகச் சாடியதால், 2018இல் இஸ்லாஹ் அவருடைய உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. 2020இல் ஃபேஸ்புக்கின் மேற்பார்வைக் குழுவில் அவர் இடம்பெற்றபோது, அரபு ஊடகங்கள் பலவற்றில் எதிர்ப்பு கிளம்பியது.

இவரைக் குறைகளற்றவராக உங்கள் முன் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. தொலைக்காட்சியின் உரிமையாளரே ஒரு தரப்பின் அரசியல் குரலாகவும் இருக்கும்போது, அதன் செய்திகளை நேயர் உரசிப் பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அடைக்கலம் கொடுத்த துருக்கியின் அரசைப் பற்றி அந்த நிலையம் எவ்வளவு தாராளமாகப் பேச முடிந்தது என்றும் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியோடு, 2005இல் சனாவிலேயே அவருக்கு ஒரு சிறு வானொலி உரிமம் வழங்கப்பட்டிருந்தால் அவர் கட்சிமேடைக்கும் அயல்நாட்டுக்கும் போயிருக்க நேர்ந்திருக்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். நேர்ந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.