லிவிங் வில்: ஐ.சி.யு. வாசல்ல கேட்கிற கேள்விக்கு முன்கூட்டியே பதில்

[காட்சி: ஐ.சி.யு. வாசல். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள்.]

நர்ஸ் பேப்பரோட வெளிய வர்றாங்க. "மூச்சு விட ரொம்ப சிரமப்படுறார். டியூப் போடணும், கையெழுத்து போடுங்க." மூத்தவர் தம்பியைப் பார்க்கிறார். தம்பி துபாய்ல இருக்கிற அக்காவுக்கு போன் போடுறார். அப்பாவுக்கு இதுல விருப்பமா? யாருக்கும் தெரியாது. அவர் எப்பவாவது பேச்செடுத்திருந்தாலும், "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு"ன்னு அம்மா அடக்கியிருப்பாங்க.

அந்தப் பதிலை அப்பாவே எழுதி வைக்கலாம். அதுதான் லிவிங் வில்.

[காட்சி: மும்பை, கே.இ.எம். மருத்துவமனை]

அருணா ஷான்பாக் இங்க நர்ஸா இருந்தவங்க. 1973-ல வேலை பார்த்த இடத்துலயே கொடூரமா தாக்கப்பட்டாங்க. 2015-ல இறக்குற வரைக்கும், 42 வருஷம், படுக்கைதான். அவங்க வழக்குலதான் 2011-ல உச்ச நீதிமன்றம் சிகிச்சையை நிறுத்துறதுக்கு ஒரு வழிமுறை சொன்னது. அவங்களுக்கு மட்டும் அனுமதி கிடைக்கல. கூடவே இருந்து பார்த்துக்கிட்ட நர்ஸுங்க அதுக்குச் சம்மதிக்கல.

2018 மார்ச் 9-ல ஐந்து நீதிபதிகள் அமர்வு லிவிங் வில் செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு ஒரு நிபந்தனை. நம்ம ஊர்ல கோர்ட் படியேறி யார் இதைச் செய்வாங்க? 2023-ல அதைத் தளர்த்தி, நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும்னாங்க.

ஊசி போட்டு உயிரை எடுக்கிறதோட இதைக் குழப்பிக்காதீங்க. அது இன்னைக்கும் குற்றம்தான். குணமாக வழியே இல்லாத நிலையில வென்டிலேட்டர், டயாலிசிஸ் மாதிரி சிகிச்சை வேணுமா வேண்டாமாங்கிறதுதான் இங்க பேச்சு. வலி குறைக்கிற மருந்து தொடரும்.

[திரையில்: இரண்டு சாட்சிகள்]

18 வயசு முடிஞ்சு, சுயநினைவோட இருக்கிற யாரும் எழுதலாம். ரெண்டு சாட்சிங்க முன்னாடி கையெழுத்து போடணும். உங்க சார்பா முடிவு சொல்ல ஒருத்தருக்கு மேல பேர் போடுங்க. பேப்பர் இருக்குன்னு டாக்டர் உடனே டியூபை எடுத்துட மாட்டார். ஆஸ்பத்திரிக்குள்ள மூணு டாக்டர் குழு பார்க்கணும், அப்புறம் இன்னொரு மூணு பேர் குழுவும் ஒத்துக்கணும்.

எழுதி பீரோவுல பூட்டி வைக்கிறது சுத்த வேஸ்ட். சாவி எங்கன்னு தேடுறதுக்குள்ள டியூப் போட்டிருப்பாங்க. பிள்ளைங்ககிட்ட ஒரு காப்பி, குடும்ப டாக்டர்கிட்ட ஒரு காப்பி கொடுத்துடுங்க. நாளைக்கு மனசு மாறினா, எழுத்துலயே மாத்திக்கலாம்.