வாட்சன் யாரோடு சண்டை பிடித்தார்?

வணக்கம் நேயர்களே. உளவியல் வினாத்தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் என்று சொன்னாலும், என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளிலும் முன்பள்ளிகளிலும் படிப்பிக்கிற ஆசிரியர்கள்தான். ஒருவருக்குப் பேரப்பிள்ளைகூட உண்டு.

போன மாதம் அட்டனில் வகுப்பு. ஒரு தங்கச்சி எழுந்து உளவியல் வரலாற்றை ஒரே மூச்சில் ஒப்பித்தார். "வூன்ட் 1879, எபிங்ஹவுஸ் 1885, ஜேம்ஸ் 1890, வாட்சன் 1913..." விடியற்காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவைப் பார்த்துப் பேர் வாசிப்பது மாதிரியே இருந்தது. ஒரு பிழை இல்லை. "சரி, இந்த வாட்சன் யாரோடு சண்டை பிடித்தார்?" என்று கேட்டேன். முழித்தார். வகுப்பே முழித்தது.

புள்ளி போவது அந்த இடத்தில்தான். உளவியலின் வரலாறு ஒரு நீண்ட வாய்த்தகராறு. யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று பிடித்துக்கொண்டால் ஆண்டுகள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வூன்ட் ஆய்வுகூடம் வைக்கிறார். ஒரு தூண்டியை, அதாவது ஒரு ஒலியையோ ஒளியையோ கொடுத்து, "உனக்குள் என்ன தோன்றியது?" என்று பயிற்சி பெற்றவர்களிடம் கேட்கிறார். அதுதான் அகநோக்கல். அவரிடம் படித்த டிச்சனர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், அனுபவத்தைப் புலன் உணர்ச்சிகளாகப் பிரித்துப் பார்க்கிறார். அமைப்புவாதம் என்ற பெயரும் அவர் வைத்தது. பலர் அதை வூன்டின் தலையில் கட்டி எழுதுகிறார்கள், கவனம். வில்லியம் ஜேம்ஸுக்கு இந்தப் பிரிப்பு பிடிக்கவில்லை. மனம் ஆறு மாதிரி ஓடுகிறது, அதை வாளியில் அள்ளி ஆராய்ந்தால் ஆறு கிடைக்குமா? மனம் எதற்குப் பயன்படுகிறது என்று பாருங்கள் என்றார். அங்கே தொழிற்பாட்டுவாதம் பிறக்கிறது. 1913இல் வாட்சன் வந்து, உள்ளே நடப்பதை இன்னொருவர் பார்க்க முடியாது, பார்க்கக்கூடிய நடத்தையை மட்டும் பேசுவோம் என்று அமைப்புவாதம், தொழிற்பாட்டுவாதம் இரண்டையும் ஓரங்கட்டினார்; அதுதான் நடத்தைவாதம். தங்கச்சிக்கு விடை அதுதான்.

ஃபிராய்டை மட்டும் இந்த வரிசையில் நிறுத்திக் குழம்ப வேண்டாம். அவர் ஆய்வுகூடத்தில் இருந்து வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வந்தவரல்ல. வியன்னாவில் நோயாளிகளோடு பேசிப் பேசி, நமக்கே தெரியாமல் உள்ளே இயங்கும் நனவிலி மனத்துக்கு வந்து சேர்ந்தார். அது வேறு பாதை. பிறகு ரொஜர்ஸும் மாஸ்லோவும் ஃபிராய்டுக்கும் நடத்தைவாதிகளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்கள். அவர்களுடைய மானிடவாதத்தை மூன்றாம் அணி என்று சொல்வது அதனால்தான்.

அணுகுமுறைகள் பகுதிக்கு நான் வகுப்பில் ஒரு பையனைக் கொண்டுவருவேன். தரம் 3. கணக்குப் பாடம் தொடங்கினால் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அம்மா வீட்டு வேலைக்கு குவைத்துக்குப் போயிருக்கிறார், ஆச்சிதான் பார்க்கிறார்.

ஒன்றோடொன்று சேர்ந்து வருவதை மனம் இணைத்துக் கற்கிறது என்ற பவ்லோவைப் படித்தவர் கேட்பார்: கணக்குப் பாடத்தில் முன்பு அடி வாங்கியிருக்கிறானா? கொப்பியும் பயமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதா? நடத்தையின் விளைவைக் கவனிக்கும் ஸ்கின்னர் அணி, வயிற்றுவலிக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கும். பாடம் நின்றது, ஆகவே அடுத்த நாளும் வலிக்கிறது. இதற்கு எதிர் மீளவலியுறுத்தல் என்று பெயர். என் மாணவர்களில் பாதிப்பேர் இதைத் தண்டனை என்று எழுதுவார்கள். தண்டனை நடத்தையைக் குறைக்கும். இங்கே வயிற்றுவலி கூடுகிறது. நாளுக்குரிய கிலோவுக்கு மேல் கொழுந்து பறித்தால் கூடுதல் காசு, அதனால் கை வேகமாகிறது. அது நேர் மீளவலியுறுத்தல். ஒன்றில் வேண்டியது வருகிறது, மற்றதில் வேண்டாதது விலகுகிறது. இரண்டிலும் நடத்தை கூடத்தான் செய்யும்.

ஃபிராய்டின் வழியில் போனால், அம்மா போன துக்கத்தைச் சொல்ல வாய் வராமல் உடம்பு சொல்கிறது. எனக்கு இந்த விளக்கம் மனத்தைத் தொடும். ஆனால் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? அந்தக் கேள்வியையே விமர்சனமாக எழுதுங்கள். அடிப்படைத் தேவைகள் முதலில் என்ற மாஸ்லோவைப் படித்தவர், காலையில் சாப்பிட்டானா என்று முதலில் கேட்பார். சிந்தனையைப் பார்க்கும் அறிகைவாதி, "எனக்குக் கணக்கு வராது" என்று அவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தைத் தேடுவார். ஒரே பையன்தான். கேள்வி மாற மாறப் பதிலும் மாறுகிறது.

படிக்கிற முறை பற்றி நீட்ட மாட்டேன். எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்ததை அளந்தார். ஒரு நாள் கழித்துத் திரும்பப் படித்தபோது அவருக்கு மிச்சமானது முதலில் செலவான உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் இரவு படித்ததை மறுநாள் பஸ்ஸில் கொப்பியைத் திறக்காமல் சொல்லிப் பாருங்கள். தடுக்கிற இடத்தில் மட்டும் திறங்கள். அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு சீக்கிரம் மறக்காது என்பது ஒரு ஆறுதல்.

அந்தத் தங்கச்சி போன ஞாயிறு கொப்பியைக் காட்டினார். ஆண்டுகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து, "யாருக்குப் பதில்?" என்று தலைப்புப் போட்டிருந்தார். ஃபிராய்டுக்கு நேரே "வேறு பாதை". எபிங்ஹவுஸுக்கு நேரே "வூன்ட்" என்று இருந்தது. நான் வகுப்பில் சொல்லாதது. எங்கே கண்டீர்கள் என்றேன். "ஞாபகம் மாதிரி உயர்ந்த விஷயங்களை ஆய்வுகூடத்தில் அளக்க முடியாது என்று வூன்ட் சொல்லியிருக்கிறாரே டீச்சர். இந்த மனுசன் தன்னையே வைத்து அளந்து காட்டிவிட்டாரே" என்றார்.