விழா முடிந்த மறுநாள்

எல்லோருக்கும் வணக்கம். முதல் பிரதியை வெளியிட்டாயிற்று, படமும் எடுத்தாயிற்று. மனம் நிறைந்திருக்கிறது. தம்பியின் கதைகளைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் நாளைக் காலை செய்ய வேண்டிய வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

லைப்ரரி ஆர்டர், அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை, கிடைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கிடைத்தால் நல்லது, விண்ணப்பியுங்கள். ஆனால் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அனுப்பியே ஆக வேண்டிய பிரதிகள் உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, டெல்லியில் குறித்திருக்கும் நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதியைப் பதிப்பாளர் தன் செலவில் சேர்க்க வேண்டும். கன்னிமாரா 1896 முதல் எழும்பூரில் இருக்கிறது. நம் வீட்டு அலமாரி அத்தனை காலம் தாங்குமா?

கொல்கத்தாவுக்கு அனுப்பும் பிரதியைப் பற்றிச் சட்டம் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அச்சிட்டதிலேயே நல்ல தாளில் அச்சான, முழுமையான, தைத்துக் கட்டிய பிரதியாக இருக்க வேண்டுமாம். நாமோ அட்டை மடங்கியதை, பக்கம் மாறியதை எடுத்து வைக்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பெண் அதைக் கேட்டு வாங்கிப் பிரிப்பாள்.

என் முதல் புத்தகத்துக்கு நான் இதைச் செய்யவில்லை. பதிப்பாளர் அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன், அவர் நான் அனுப்பியிருப்பேன் என்று நினைத்தார். கடைசியாக மிஞ்சிய பிரதிகளை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றது. பிறகு ஓர் ஆய்வு மாணவர் பிரதி கேட்டு வந்தபோது காட்ட ஒன்றும் இல்லை. அந்தப் பையன் வெறுங்கையோடு படியிறங்கிப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்புறம், புத்தகத்தின் முதுகு. மெலிந்த கவிதை நூல்களில் முதுகில் பெயரே போடுவதில்லை. அலமாரியில் செருகிய பிறகு அதை யார் கண்டுபிடிப்பார்கள்? உள்ளே பதிப்பாண்டு, முகவரி, ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் எல்லாம் இருக்கட்டும். அதை வைத்துத்தான் நூலகர் பதிவேட்டில் ஏற்றுவார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்று 1931-லேயே எழுதி வைத்தவர் நம் நூலக அறிஞர் சீர்காழி ரங்கநாதன். அந்த வாசகர் வந்து தேடும்போது கண்ணில் படுகிற மாதிரி செய்வது நம் பொறுப்பு.

நான்கு பிரதி போக, நம் ஊர்க் கிளை நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள். முத்திரை குத்தி, எண் எழுதி, கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நாளை வெள்ளிக்கிழமை இல்லை, நூலகம் திறந்திருக்கும். தம்பி, ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள், நானும் கூட வருகிறேன்.