சூயஸில் சிக்கிய கப்பலும் நம் சனிக்கிழமைச் சம்பளமும்

(திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் தொழில்முனைவோர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, அழைத்தபோதெல்லாம் தட்டாமல் வரும் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் அவர்களே, நம் கணக்கு வழக்குகளைப் பொறுமையாகப் பார்த்துத் தரும் ஆடிட்டர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கும் பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்னிங் நடத்தும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். காலையிலிருந்து பந்தி பரிமாறும் இளைஞர்களுக்கும் என் நன்றி.

உலக நடப்பு நம் தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்று பேசச் சொன்னார்கள். கப்பல், வரி என்று இரண்டைச் சொல்கிறேன்.

2021 மார்ச் 23. எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. எங்கள் டேபிளில் அப்போது குழந்தைகள் டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டெய்லர் தம்பி போனில் படம் காட்டினான். மலை மாதிரிக் கப்பல், அதன் மூக்கடியில் மண் தோண்டும் சின்ன இயந்திரம். எல்லோரும் பார்த்தோம், ஆச்சரியப்பட்டோம், மெஷினுக்குத் திரும்பினோம். ஆறு நாளில் கப்பலை மீட்டுவிட்டார்கள். எங்களுக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பல் மாறி ஐரோப்பா போக வேண்டிய சரக்கு தாமதமானது. சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் விலையைக் குறைக்கச் சொன்னாராம். எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி தையல் பில்லை நிறுத்திவைத்தது. ஏப்ரல் முழுக்க நடையாக நடந்தேன். மே மாதம் ஊரடங்கு வந்துவிட்டது. வீட்டு நகை அடகுக்குப் போனது. ஜூலைக் கடைசியில் பணம் வந்தது, அதிலும் பிடித்தம். அன்று ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் அக்கா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "நாம தெச்சது சரியாத்தானே இருந்துச்சுங்கண்ணா?"

சரியாகத்தான் இருந்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பில் வராவிட்டாலும் சனிக்கிழமை வந்துவிடும்.

2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகக் கப்பல்கள் போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, வாடகை ஏறியது. வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கான இறக்குமதி வரியை 25 சதவீதம் கூட்டி, மொத்தம் 50 சதவீதம் ஆக்கியது. எண்ணெய்க்கும் பனியனுக்கும் என்ன உறவு? ஆனாலும் ஆர்டர் நின்றது இங்கே.

ஏற்றுமதியாளர்களும் மத்தளம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடன் உண்டு, ஏற்றுமதிக் கடன் காப்பீடு உண்டு. நமக்கு அந்த பில் ஒன்றுதான். அடுத்த மாதம் இரண்டு மெஷின் வாங்கலாமா, ஆள் சேர்க்கலாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். பஞ்சு 2022-இல் ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய கதையை இன்னொரு நாள் பேசலாம். இன்று நான் கேட்க வந்தது 45 நாள்.

2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024 ஏப்ரல் முதல், காலம் கடந்த பாக்கியை வேலை கொடுத்த கம்பெனி, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். கப்பல் எங்கே நின்றாலும் இந்த நாள் கணக்கு மாறாது. இதைக் கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காதே என்று பயப்படுகிறோம். தனியாகக் கேட்டால் அப்படி நடக்கலாம். அதனால்தான் சங்கத்தின் பெயரில் எல்லோரும் ஒரே கடிதமாகக் கொடுக்கலாம் என்கிறேன்.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவு, இல்லாதவர்களுக்காக மேடைக்குக் கீழே மேசை போட்டிருக்கிறோம். ஆதாரும் பான் கார்டும், ஜி.எஸ்.டி. கட்டாயமானவர்களுக்கு அந்த எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. கடிதமும் அங்கேதான் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.