வாய்க்குள் ஒரு வாழை

நேயர்களுக்கு வணக்கம். ‘வாழை’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ழகரம் வரும்போது நாக்கு மேலண்ணத்தின் நடுவில் பட்டதா, படவில்லையா? சட்டென்று சொல்ல முடியாது. வாய்க்குள் இருட்டு, நாக்கோ ஓரிடத்தில் நிற்காது. பேச்சொலி ஆய்வுக்கூடத்துக் கருவிகளில் பாதி இந்த இருட்டுக்குள் எட்டிப் பார்க்கத்தான். மறுபாதி காதுக்கு. அமைதியான அறை, நல்ல ஹெட்போன், பேச்சொலியை அலசிப் பார்க்க ஆம்ஸ்டர்டாமிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ‘பிராட்’ மென்பொருள் இருந்தால் அங்கே பெரும்பாலும் வேலை நடந்துவிடும். நான் வாய்க்கே வருகிறேன்.

இருப்பதிலேயே மலிவானது கரித்தூளும் ஆலிவ் எண்ணெயும். இரண்டையும் குழைத்து நாக்கில் தூரிகையால் பூசுவோம். ‘வாழை’ என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, எச்சில்கூட விழுங்காமல் வாயைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும். கண்ணாடியை உள்ளே விட்டு மேலண்ணத்தைப் படம் எடுப்போம். நாக்கு பட்ட இடமெல்லாம் கறுப்பு. ‘வாளை’ என்றால் நடுவிலும் கரி ஒட்டியிருக்கும். ‘வாழை’ என்றால் இரு ஓரங்களில் மட்டும்தான். இடையில் சிரித்துவிட்டால் போச்சு, கொப்பளித்துவிட்டு முதலிலிருந்து பூச வேண்டியதுதான்.

சொல்லையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். ‘தமிழ்’ சரிப்படாது. தகரத்துக்கு நாக்கு பல்லில் பட்டு அங்கேயும் கரியை அப்பிவிடும். ழகரத்தைத் தேடுகிறவருக்குத் ‘தமிழ்’ உதவாது என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

அப்புறம் விலை கூடிய கருவிகள். பல் அச்செடுத்துச் செய்யும் அண்ணத் தகடு ஒன்று உண்டு. 62 மின்முனைகள், நாக்கு எங்கே படுகிறது என்று நொடிக்கு 100 முறை பதிவு. ஆனால் ஒருவர் தகடு இன்னொருவர் வாய்க்குப் பொருந்தாது. வயிற்றை ஸ்கேன் செய்யும் அதே அல்ட்ராசவுண்டை ஜெல் தடவி மோவாய்க்கு அடியில் வைத்தால், நாக்கின் முதுகு திரையில் வெள்ளைக் கோடாய் நெளியும். நுனி மேலே வளைந்தால் மட்டும் அடியில் காற்று புகுந்து படம் மங்கிவிடும். நமக்கு வேண்டியதோ அந்த நுனிதான்!

1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெயில் கௌன் மூவரும் ர, ற, ல, ள, ழ ஒலிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தமிழ் பேசும் ஒருவரை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். நாக்கின் அசைவைக் காந்தப்புலக் கருவியால் தொடர்ந்தார்கள். அத்தனை இருந்தும், நாக்கில் பூசி அண்ணத்தைப் பார்க்கும் பழைய வேலையையும் அவர்கள் விடவில்லை.