ரயில் போன தடத்தில் பூக்கள்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், பேக்வெல் நகரை ஒட்டி, மான்சல் டிரெயில் என்றொரு நடைபாதை இருக்கிறது. மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் 1863இல் பக்ஸ்டன் வரை கொண்டுசென்ற இருப்புப்பாதை அது. 1968இல் ரயில் நின்றது, 1981இல் நடப்பவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால், சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு நாயோடு சாவகாசமாக நடக்க வருகிறவர்கள் பலர்.

இருபுறமும் வெள்ளை டெய்சிகள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அவற்றினிடையே குனிந்து பார்த்தால், ஒரு சாண் தண்டில், இளம் ஊதா இதழ்களில் கோடும் புள்ளியுமாக ஆர்க்கிட் பூத்திருக்கும். ஜூலைக் கடைசியில் மார்ஜோரம் பூக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் பீட்சாவில் தூவும் ஆரிகானோவின் மணம். இரண்டும் ஒரே இனச் செடிதான்.

மனிதன் விலகியதும் இயற்கை இடத்தை மீட்டுக்கொண்டது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. சுண்ணாம்புப் பாறையைத் தகர்த்துத் தடம் போட்டவர்கள் விட்டுச்சென்ற சரிவுகளில் மண் மிகக் குறைவு, சத்தும் குறைவு. உரமேறிய மண்ணில் முரட்டுப் புல்லும் காஞ்சொறியும் முந்திக்கொண்டு வளர்ந்து சிறு செடிகளை அமுக்கிவிடும். வறண்ட சரிவிலோ எதுவும் ஓங்க முடியாததால் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. நீராவி எஞ்சினின் தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளக் கூடாதென்று அந்நாளில் ரயில்வே ஊழியர்கள் சரிவுப் புல்லை வெட்டிவந்தார்கள். ரயில் நின்றதும் அந்த வேலையும் நின்றது. புதர் ஏறி நிழல் கட்டியது. ஆகவே இன்றும் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய புல்லையும் அங்கேயே மக்கவிடாமல் அள்ளிவிட வேண்டும்.

நாய்க்கும் இதில் பங்கு உண்டு. அதன் கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுதி. மண்ணுக்கு உரம்தானே என்று நமக்குத் தோன்றும். இந்தச் சரிவுக்கு உரமே எதிரி. பையில் அள்ளி எடுத்துப்போவது பிறர் செருப்புக்காக மட்டும் செய்கிற மரியாதையன்று. சிறுநீரை அள்ள முடியாது, உண்மைதான். வாரைக் குறுக்கிப் பிடித்துப் பாதையின் நடுவிலேயே நடத்தினால் பூச்சரிவுக்குள் போவதாவது குறையும், தரையில் கூடு கட்டும் பறவைகளும் பிழைக்கும்.

வீடு திரும்பியதும் நாயின் விரலிடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். கூர்முனைப் புல்விதை தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும். காதோரத்தில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்பதையும் தடவிப் பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.